பட்டை எண்ணெயும் பசிக்காத சாமியும்

மாலை வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய நேரத்தில், கிம்மோய் முதுகில் சுமந்திருந்த தெளிப்பானை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுடைய மோட்டார்க் கொட்டகை முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இறுக்கமான உடை போட்ட சைக்கிள்காரர்கள் சிலர், காரில் வந்த ஒரு குடும்பம், கடைசியில் ஒரு தபால்காரர். ஒருவரை ஒருவர் இடிக்காமல், முந்தாமல், அப்படி ஒரு ஒழுங்கு. எங்கள் தைவானில் இது ஒரு வியாதி. வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுவிடுவோம். எதற்கு வரிசை என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்வோம்.

"யாரு நீங்கள்லாம்? என்ன வேணும்?" என்றாள் கிம்மோய்.

முதலில் நின்ற சைக்கிள்காரர் உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டார். "ரெண்டு கறிச்சோறு. ஒரு முட்டை தனியா. தீர்ந்துடலையே?"

"இங்க கடையெல்லாம் இல்லைங்க. இது நெல்லு வயல்."

"வயல்னு தெரியுது. கறி எங்கே வேகுது?"

"கறியே இல்லைங்க. நெல்லுக்கு எண்ணெய் அடிச்சிருக்கேன். அந்த வாசம்."

பின்னால் நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தாள். "முன்னாடி என்னங்க சொல்றாங்க?"

"தீர்ந்துடுச்சாம்."

"ஐயோ. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேளுங்க."

கிம்மோய்க்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ மூன்றையும் பன்றிக்கறியோடு சோயாச் சாற்றில் காலையிலிருந்து கொதிக்கவிட்டால் வீடு எப்படி மணக்குமோ, அப்படி மணந்தது அவளுடைய வயல். காற்று தெற்கே அடித்தால் அடுத்த ஊர் நாய்கள்கூடச் சங்கிலியை இழுத்தன.

அவள் ஒன்றும் விளையாட்டுக்காக இதைச் செய்யவில்லை. நெல்லில் குலைநோய் என்று ஒன்று உண்டு. பூஞ்சைதான். முதலில் இலையில் கண் போலப் புள்ளி வைக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாவி, கதிர் வெளியே தலை நீட்டும் நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடிக்கும். கழுத்து கருத்துவிட்டால் கதிருக்கு மேலே ஒன்றும் ஏறாது. நல்ல கதிரெல்லாம் மணி பிடித்துத் தலை சாய்க்கும்போது, இது மட்டும் வெளுத்து விறைத்து நிற்கும். கையில் கசக்கினால் வெறும் உமி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அது இதுதான். இரண்டு வருடமாகக் கிம்மோயின் தாழி உடைந்துகொண்டிருந்தது.

கடையில் விற்கும் மருந்தை அவள் தொடமாட்டாள். புருஷன் ஆசெங் உயிரோடிருந்த காலத்தில், அதை அடித்துவிட்டு வந்து வாசலில் குந்தி வாந்தி எடுப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவள். அவன் போனபின் ஒரு டப்பாகூட வீட்டுப்படி ஏறவில்லை.

அது தெரிந்துதான் ஆசெங்கின் அண்ணன் தியென்சுங் அவளைக் குடைந்தார். வயல் இன்னும் பிரிபடாமல் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் கிடந்தது. அவருக்கு நெல் அலுத்துவிட்டது.

"சூரியகாந்தி போடலாம் கிம்மோய். மஞ்ச மஞ்சேன்னு நிக்கும். நடுவுல ஒரு ஊஞ்சல், ஒரு வெள்ளை பியானோ. தைபேயிலேருந்து பொண்ணுங்க வந்து போட்டோ எடுப்பாங்க பாரு."

"வயலுக்கு நடுவுல பியானோ எதுக்கு அத்தான்? யாரு வாசிப்பா?"

"வாசிக்கவே முடியாது. உள்ளே ஒண்ணும் இருக்காது, வெறும் பெட்டி."

"அப்ப அதுவும் பதருதான்."

தியென்சுங்குக்குச் சுருக்கென்றது. அவர் ஊரின் பாக்குங் கோயில் குழுத் தலைவர். பாக்குங் என்பது எங்கள் ஹக்கா மக்களின் நிலத்துச் சாமி. பெரிய கோயிலெல்லாம் வேண்டாதவர். வயலோரம் ஒரு கோழிக்கூண்டு அளவு கல்மாடம், உள்ளே வெள்ளைத் தாடியோடு ஒரு சாண் உயரத் தாத்தா, அவ்வளவுதான். எங்கள் ஊர் பாக்குங் உட்கார்ந்திருப்பது, மூன்று பக்கமும் கிம்மோயின் நெல் சூழ்ந்த ஒரு மேட்டில். புத்தாண்டன்று தியென்சுங் அங்கே ஊர் பார்க்கச் சொன்னார்: "இந்த ஒரு போகம் தரேன். வெள்ளைக் கதிர் வந்துச்சுன்னா அடுத்தது சூரியகாந்தி. சாமி சாட்சி." கிம்மோய் ஊதுபத்தியைத் தலைக்கு மேல் தூக்கி ஒப்புக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது நெல் ஒன்றுதான். அதை விட்டால் ஊஞ்சலுக்கு டிக்கெட் கிழிக்கத்தான் போக வேண்டும்.

எண்ணெய் யோசனை கொடுத்தவர் விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டாக்டர் ஜுவோ. பூஞ்சைக்கு டாக்டர். கிம்மோயின் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கும் காட்டுப்பட்டை மரங்களைப் பார்த்துவிட்டு, இலையைக் கசக்கி அவளிடமே நீட்டினார். "நல்லா வாசம் வருதா பாருங்கம்மா. எனக்குச் சின்ன வயசுலேருந்து சைனஸு. ஒரு வாசமும் தெரியாது."

பூவும் சாணியும் ஒன்றாகத் தெரியும் அந்த மூக்கை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக அந்த மனிதர் வாசனை எண்ணெய்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இலையை ஆவியில் வாட்டி எண்ணெய் இறக்கச் சொன்னார். கிராம்பெண்ணெயும் அன்னாசிப்பூ எண்ணெயும் தாமே கொண்டுவந்தார். தண்ணீரோடு சேர சோப்புக் கரைசல் கொஞ்சம். "கொஞ்சமா விடணும்" என்றார். கிம்மோய் முதல் தடவை தாராளமாக விட்டாள். கறிக்குப் போடுவதுபோல. இலை நுனியெல்லாம் கருகியது. பிறகு அளவு பிடிபட்டது. மாலையில் மட்டும் அடித்தாள். இலைப்புள்ளிகள் அப்படியே நின்றுபோயின.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கும் ஜுவோவுக்கும் சண்டை.

"ஒரு சின்ன துண்டு மட்டும் அடிக்காம விடுங்கம்மா. ஒப்பிட்டுப் பார்க்கணும். இல்லாட்டி எண்ணெயாலதான் நின்னுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா டாக்டர்?"

"ரெண்டு."

"காய்ச்சலுக்கு ஒண்ணுக்கு மருந்து கொடுத்துட்டு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணை விட்டுடுவீங்களா?"

ஜுவோ அன்றைக்குக் கிளம்பிப் போனார். ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலில் நின்று ஏக்கமாகக் கேட்பார்: "ஒரே ஒரு மூலை?"

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பௌர்ணமியன்று ஊரே பாக்குங்குக்குப் படையல் வைத்தது. அவித்த கோழி, பன்றிக்கறிப் பாளம், காய்ந்த கணவாய், ஆரஞ்சு. படைத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு, சாமி சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். அவர் சாப்பிட்டேன் என்றால்தான் நாம் தட்டை எடுக்கலாம். கேட்பதற்குப் பிறை வடிவில் இரண்டு கட்டைகள் உண்டு. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. பூக்கட்டிப் பார்ப்பது மாதிரிதான். தரையில் போட்டால் ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார்.

தியென்சுங் மண்டியிட்டார். "பாக்குங், சாப்பிட்டாச்சா?"

இரண்டும் மல்லாந்தன. சாமி சிரித்தார்.

ஊதுபத்தி இன்னொன்று கொளுத்திக் காத்திருந்து மறுபடி போட்டார். சிரிப்பு. மறுபடி. கவிழ்ந்தன. மே மாதத்து உச்சி வெயில் தட்டுகளில் இறங்கியது. கோழித்தோல் மினுமினுத்தது. கணவாய் ஓரங்கள் சுருண்டன. பெரியவர்கள் குடைக்குள் போனார்கள்.

"ஏன் சிரிக்கிறாரு? என் கோழி சின்னதா இருக்கோ?" என்று கவலைப்பட்டாள் பக்கத்து வயல்காரி சௌலான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ மூன்றும் கைகோத்துக்கொண்டு மேடேறி வந்தன. எல்லார் வயிறும் ஒரே சமயத்தில் உறுமியது. தியென்சுங் மூக்கைத் தூக்கினார். மெல்ல எழுந்தார். கொலையாளியைக் கண்டுபிடித்த போலீஸ்காரர் மாதிரி கிம்மோயைப் பார்த்தார்.

"சாமி எதைச் சாப்பிடறாரு? சொல்லுங்க பார்ப்போம்."

"வாசத்தை" என்றார்கள் நாலைந்து பேர். அது குழந்தைக்கும் தெரியும். வாசம் சாமிக்கு, கறி நமக்கு. இல்லாவிட்டால் யார் படைப்பார்கள்?

"இவ என்ன பண்றா? கறியே இல்லாம வாசத்தை மட்டும் வடிச்சு ஊர் முழுக்க ஊத்தறா. பாக்குங் விடிஞ்சதுலேருந்து தூங்கற வரைக்கும் தின்னுக்கிட்டே இருக்காரு. வயித்துல இடம் ஏது? அதான் உங்க கோழியைப் பார்த்துச் சிரிக்கிறாரு!"

கிம்மோய் மறுக்கத்தான் நினைத்தாள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் சௌலான்தான் வழி சொன்னாள். கட்டையை வாங்கி, "பாக்குங், இப்ப வேணாம்னா ஃபிரிஜ்ஜுல எடுத்து வைக்கட்டுமா? அப்புறமா சாப்பிடுங்க" என்று கேட்டாள். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. ஊர்ப் படையல் முழுக்க அவள் ஃபிரிஜ்ஜுக்குப் போயிற்று.

"இனிமே ஒரு சொட்டு எண்ணெய் அடிக்கக் கூடாது" என்றார் தியென்சுங். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எல்லா ஊருக்கும் பொது.

கிம்மோயின் வயலில் கதிர்கள் தொண்டைக்கு வந்துவிட்டன. இன்றோ நாளையோ வெளியே வரும். அதற்குப் பின்னாலேயே, பிளம் பழம் பழுக்கும் பருவத்தில் பெய்யும் பிளம் மழை ஆடிப்பாடிக்கொண்டு வரும். நாள்கணக்கில் நசநசவென்று பெய்து பூஞ்சைக்கு விருந்து வைக்கும். கதிர் தலை காட்டும்போது கழுத்தில் எண்ணெய் படாவிட்டால், இதுவரை அடித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த மாதிரிதான்.

ஜுவோவுக்குப் போன் செய்தாள். "டாக்டர், சாமிக்கு வயிறு நிரம்பிடுச்சாம். அடிக்கக் கூடாதுங்கறாங்க."

ஜுவோ கொஞ்சம் யோசித்தார். "வேற எண்ணெய் தரட்டுமா? எலுமிச்சம்புல் இருக்கு."

"அது கொசுவை விரட்டற வாசம் டாக்டர். சாமியும் எழுந்து போயிட்டாருன்னா யாரு பதில் சொல்றது?"

"சரிதான்" என்றார் ஜுவோ. அவருக்குக் கொசுவின் நிலைமையும் தெரியாது, சாமியின் நிலைமையும் தெரியாது.

அன்று அவள் சாப்பிடவில்லை. மாடத்துக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்து பாக்குங்கின் முகத்தையே பார்த்தாள். உப்பிய கன்னம், முன்னே தள்ளிய தொப்பை. உண்மையிலேயே நிறையச் சாப்பிட்டவர் முகம்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பெரியவர்களை நாம் என்ன செய்வோம்? கிம்மோய் சட்டென்று எழுந்தாள்.

"அத்தான்" என்றாள் தியென்சுங்கின் வாசலில் நின்று. "சாமியை ஒரு யாத்திரை கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்."

"என்னது?"

"மியாவ்லிக்கு. நம்ம பாக்குங் முதல்ல கிளம்பி வந்த தாய்க்கோயிலுக்கு. போய் எவ்வளவு வருஷமாச்சு? பஸ் பிடிங்க. ஊரே போகட்டும். சாமிக்கும் சாப்பிட்டது செரிச்ச மாதிரி இருக்கும். அவரு ஊர்ல இல்லாதப்ப நான் அடிச்சா, அவரு மூக்குக்கு என்ன வரப்போகுது?"

தியென்சுங்குக்கு அதில் குறை கண்டுபிடிக்க ஆசைதான். ஆனால் பஸ் என்றால் பாட்டுப் பாடும் மைக் உண்டு. மைக் என்றால் அவருக்கு உயிர். சாமியிடம் கேட்பதாகச் சொன்னார். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தது. பாக்குங்குக்கு அவ்வளவு அவசரம்.

"ஆனா ஒண்ணு" என்றார் தியென்சுங். "திரும்பி வந்ததும் வீட்டு வாசல்லயே கறி வாசம் அடிச்சா மறுபடியும் வயிறு நிரம்பிடும். மாடத்தைச் சுத்தி நான் குறிச்ச இடத்துல ஒரு சொட்டு விழக் கூடாது. அது பாக்குங்கோட முற்றம்."

அவரே சேற்றில் இறங்கி, மூங்கில் குச்சி நட்டு, மூன்று பக்கமும் சிவப்பு ரிப்பன் கட்டினார். ரிப்பனுக்குள் சிக்கிய நெல்லைக் கிம்மோய் பார்த்தாள். அவள் கையால் நட்ட நாற்று அது. ஆனால் முழு வயலையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். தலையாட்டினாள்.

யாத்திரை பஸ் காலையில் கிளம்பியது. பாக்குங்கைச் சிவப்புத் துணியில் சுற்றி முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டார்கள். ஜன்னலோரம் வேண்டுமா என்று அவரையே கேட்டார்கள். சிரித்தார். ஓட்டுநர் பக்கத்தில் வைத்தார்கள். பஸ் திரும்பும் முன்பே தியென்சுங் மைக்கில் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

ஊர் வெறிச்சோடிப்போயிற்று. அப்போதுதான் கிம்மோய்க்கு உறைத்தது. கைத்தெளிப்பானால் இவ்வளவையும் மழைக்கு முன் முடிக்க முடியாது. ஆகையால் பெரிய தொட்டியில் எண்ணெயைக் கலக்கி, மோட்டார் வைத்து, நீளக் குழாயில் அடிக்க வேண்டும். குழாயை இழுத்தால் பிஞ்சுக் கதிரெல்லாம் ஒடியும். நெடுகத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். ஆளெல்லாம் பஸ்ஸில் பாடிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலையுச்சியில் மேகம் குந்திவிட்டது.

மாலையில் தொட்டியில் எண்ணெய் கலந்ததும் வாசம் கிளம்பியது. வாசம் கிளம்பியதும் நெடுஞ்சாலையில் ஒரு சைக்கிள் நின்றது.

"அக்கா, இன்னிக்காவது இருக்கா?" என்றார் அன்று வந்த அதே சைக்கிள்காரர். பின்னாலேயே இரண்டு கார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து சாலை வரைக்கும் வரிசை நீண்டுவிட்டது.

கிம்மோய் வரிசையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். வரிசையின் நீளமும் குழாயின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"கறி இல்லைங்க" என்றாள் உரக்க. "பொய் சொல்லமாட்டேன். ஆனா இந்த நெல்லு பிழைச்சுதுன்னா அறுவடையன்னிக்கு எல்லாருக்கும் நான் கறிச்சோறு போடறேன். இப்ப வரிசை கலையாம அப்படியே இந்தக் குழாயைத் தூக்கிப் பிடிக்கிறீங்களா?"

"எத்தனாவது ஆள்லேருந்து பிடிக்கணும்?" என்று மட்டும் கேட்டார் ஒருவர்.

வரிசையில் நின்று பழகியவர்களின் அருமை அன்றுதான் தெரிந்தது. முன்னால் போகிறவர் நகர்ந்தால் நகர்ந்தார்கள், நின்றால் நின்றார்கள். வரப்பு நெடுக, தோள் உயரத்தில், ஒரு டிராகன் நகர்வதுபோல் குழாய் போயிற்று. கதிர் ஒன்றுகூட ஒடியவில்லை. நடுவில் புதிதாக வந்தவர்கள் வால்பக்கம் சேர்ந்து, "முன்னாடி என்ன தர்றாங்க?" என்று கேட்டார்கள். "அறுவடைக்குத்தானாம்" என்று பதில் வந்தது. "அப்ப நல்ல கடையாத்தான் இருக்கும்" என்று நின்றுவிட்டார்கள்.

மாடத்தை நெருங்கியதும் கிம்மோய் குழாயை மடக்கினாள். ரிப்பனுக்குள் ஒரு துளி விழவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றாள் அந்த நெல்லிடம். வெற்று மாடம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் மாலையும் வரிசை வந்தது, வேலை முடிந்தது. இரவு மழை பிடித்தது. குரல் கட்டிய தியென்சுங்கோடும், காற்று வாங்கிவிட்டு வந்த பாக்குங்கோடும் பஸ் மழையில் நனைந்தபடி திரும்பியது.

மழை விட்டபாடில்லை. கிம்மோய் தினமும் குடையோடு போய்க் கதிரின் கழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். பச்சை. பச்சை. பச்சை. ரிப்பனுக்குள் பார்க்கப் பயந்தாள்.

வெயில் திரும்பி, கதிர்கள் பழுத்து, அறுவடைக்கு நாள் குறித்தார்கள். அன்று தியென்சுங் ஊரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை சூரியகாந்தி விதை. அடுத்த போகத்துக்கு முதல் விதை. சாமிக்குக் காட்டிவிட்டு விதைக்க வேண்டுமென்று பை முழுவதையும் தட்டில் கொட்டி மாடத்தின் முன் படைத்தார்.

"எல்லாரும் பாருங்க!" என்று மேட்டிலிருந்து கையை நீட்டினார்.

வயல் முழுக்கத் தங்க நிறத்தில் கதிர்கள் தலை சாய்த்துக் கிடந்தன. சிவப்பு ரிப்பனுக்குள் மட்டும், மூன்று பக்கமும், எலும்பு மாதிரி வெளுத்த கதிர்கள் விறைத்து நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை.

"என்ன பேச்சு? வெள்ளைக் கதிர் வந்தா சூரியகாந்தி. வந்துடுச்சு. சாமி வாசல்லயே வந்துடுச்சு!"

அறுவடை பார்க்க வந்திருந்த டாக்டர் ஜுவோ கண் கலங்கிவிட்டார். "அடிக்காத துண்டு!" என்றார். "எவ்வளவு நேர்த்தியா விட்டிருக்காங்க! ரிப்பன்கூடக் கட்டியிருக்காங்களே! இதைத்தானேம்மா நான் காலில் விழாத குறையாக் கேட்டேன். அந்தப் பக்கம் அடிச்சது, இந்தப் பக்கம் அடிக்காதது. யாரு விட்டாங்க இதை?"

"நான்தான் கட்டினேன்" என்றார் தியென்சுங், பாராட்டா திட்டா என்று புரியாமல்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டர்" என்று அவரே உடனே பழைய பேச்சைப் பிடித்துக்கொண்டார். "பேச்சு பேச்சுதான். வெள்ளைக் கதிர்னா வெள்ளைக் கதிர்."

இத்தனையும் பிழைத்து, விட்டுக்கொடுத்த அந்தத் துண்டாலேயே போகப்போகிறதா? கிம்மோய் வயிற்றெரிச்சலோடு ரிப்பனுக்குள் இறங்கி ஒரு கைப்பிடி வெள்ளைக் கதிரை அறுத்தாள். கசக்கினாள். உமி பறந்தது. ஒரு மணி இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் போய், கூடு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் அந்தக் கூட்டையே பார்த்தாள். பிறகு மாடத்தைப் பார்த்தாள். பிறகு, எதற்கென்று தனக்கே சரியாகத் தெரியாமல், வெள்ளைக் கதிர்களை ஒரு தட்டில் வைத்து, விதைத் தட்டுக்குப் பக்கத்தில் படைத்து மண்டியிட்டாள்.

"பாக்குங், அத்தான் ரிப்பன் கட்டி உங்க முற்றம்னு சொன்ன இடம் இது. இதுல விளைஞ்சது உங்களோடது. சாப்பிட்டாச்சா?"

கட்டைகள் கல்லில் விழுந்தன. ஒன்று மல்லாந்தது. ஒன்று கவிழ்ந்தது.

இரண்டாம் தடவை. அதே. மூன்றாம் தடவை. அதே.

சௌலான் ஒரு வெள்ளைக் கதிரை எடுத்துக் கசக்கி ஊதினாள். "சாப்பிட்டுட்டாரு!" என்று கத்தினாள். "பாருங்க, உள்ளே ஒண்ணுமே இல்லை. வழிச்சு சாப்பிட்டிருக்காரு!"

ஊர் முழுக்க ஆளுக்கொரு கதிரைக் கசக்கிப் பார்த்து ஆமாம் என்றது. வியாதிக் கதிர் என்று யாரும் சொல்லவில்லை. ஜுவோ பூஞ்சையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். சௌலான் அவர் வாயில் ஓர் ஆரஞ்சுச் சுளையைத் திணித்தாள். கிம்மோய்க்கு எல்லாம் தெரியும். தின்றது எது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் குனிந்து மூன்று முறை கும்பிட்டாள். கண்ணீர் வந்துவிட்டது.

தியென்சுங்கின் முகம் தொங்கிப்போயிற்று. சாமி முற்றத்தில் சாமி சாப்பிட்டதை வியாதி என்று சொல்ல, சாமிக் குழுத் தலைவருக்கு வாய் வருமா? "சரி" என்றார் வீம்பாக. "நெல்லைச் சாப்பிட்டாருன்னா என் விதையையும் சாப்பிடுவாரு. சாப்பிட்டாருன்னா எடுத்துட்டுப் போய் என் வீட்டுக் கொல்லையிலாவது போடுவேன்." மண்டியிட்டார். "பாக்குங், சாப்பிட்டாச்சா?"

இரண்டும் கவிழ்ந்தன. இல்லை.

மறுபடி போட்டார். இல்லை. மறுபடி. சிரிப்பு.

"பாவம் அத்தான் அவரு" என்றாள் கிம்மோய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எவ்வளவு வயசு! பல்லிருக்கா பாருங்க. அந்த ஓட்டை அவரு எப்படி உடைப்பாரு?"

அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு வயலில் இறங்கியது. எல்லாரும் அதன் பின்னால் போய்விட்டார்கள். தியென்சுங் மட்டும் மாடத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். படைத்ததைச் சாமி சாப்பிடாமல் எடுக்க முடியாது. எடுக்காமல் விதைக்கவும் முடியாது. பிறகு ஒரு விதையை எடுத்து, பல்லிடுக்கில் வைத்து உடைத்து, ஓட்டைத் துப்பிவிட்டுப் பருப்பைச் சாமியின் முன்னால் வைத்தார். இன்னொன்று. இன்னொன்று.

வயலின் கடைசி மூலை அறுபட்டபோது தியென்சுங்கைச் சுற்றி ஓடு மலையாய்க் குவிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. தட்டில் பருப்பு மட்டும். கட்டையைப் போட்டார். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. பாக்குங் சாப்பிட்டுவிட்டார். பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். விதைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குள் கொட்டகையில் பெரிய அண்டாவில் கறி கொதிக்க ஆரம்பித்திருந்தது. சோயாச் சாறு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கூடவே நிஜமான பன்றிக்கறி. சாலையிலிருந்து வரிசை வந்துகொண்டே இருந்தது. குழாய் பிடித்தவர்கள் எல்லாரும் அதே வரிசைமுறையில் நின்றார்கள். தபால்காரர்கூட வந்திருந்தார்.

கிம்மோய் கரண்டியோடு நிமிர்ந்தபோது, வரிசையின் கடைசியில், ஒரு காலிப் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தியென்சுங் வந்து நின்றார். முன்னால் நின்றவரைத் தோளில் தட்டினார்.

"ஏம்ப்பா, முன்னாடி என்ன தர்றாங்க?"